குளறாமல் போன கெப்

பொலிஸ் நிலையத்துப் பின்வளவில் மழைத்தண்ணீர் கணுக்கால் முட்ட நின்றது. பிடிபட்ட மோட்டார் சைக்கிள்களும், மணல் ஏற்றிய உழவு இயந்திரங்களும், எந்த வழக்கில் வந்ததென்று எவருக்கும் ஞாபகமில்லாத ஓர் ஐஸ்கிறீம் வண்டியும் வரிசையாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. மதிலோரம் கடைசியாக நின்றது, முன்னால் ஆட்களும் பின்னால் சுமையும் ஏற்றும் அந்த வெள்ளை டபுள் கெப்.

ஹில்மி காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான்.

“வலை கொண்டுவந்திரிக்கலாம் மிஸ். வெறுங்கையோட வீட்ட போகத் தேவையில்ல.”

தக்ஷாயினி சிரிக்கவில்லை. அது ஹில்மிக்குப் புதிதுமில்லை. காப்புறுதிக் கம்பனியில் விபத்து விசாரணை செய்து தலை நரைத்து, பிறகு மட்டக்களப்பு நகரத்தில் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். கட்டார் நாட்டில் பழுதான வாகனங்களை இழுத்துத் திரிந்துவிட்டு ஊர் திரும்பிய ஹில்மி அந்த அலுவலகத்தின் சாரதி, உதவியாளர், தேநீர் வாங்கி வருபவன் எல்லாம். அவன் சொல்லும் பகிடிகளில் ஒன்றுக்காவது அவர் சிரித்துவிட்டால் அன்றைக்கு வேலை சுகமாக முடியும் என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தான். இன்று காலை பிரஷாந்தி வந்து அழுதுவிட்டுப் போனதிலிருந்து அந்த முகத்தில் சிரிப்புக்கு இடமே இருக்கவில்லை.

பிரஷாந்தியின் கணவன் ரதீஸ் கொலைக் குற்றச்சாட்டில் பிடிபட்டுச் சிறையில், விளக்கமறியலில் இருந்தான். கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுபவர், அவனைச் சாரதியாக வைத்திருந்த முதலாளி, உன்னிச்சையில் வயலும் அரிசி ஆலையும் வைத்திருந்த நல்லரத்தினம். அவருடைய கெப்தான் இது. வவுணதீவுக்கு அங்கால் வாவிக்கரைக் கண்டல் காட்டுக்குள் கதவு திறந்தபடி நின்றது. சாரதி ஆசனத்தில் அவருடைய இரத்தம். தண்ணீரில் அவருடைய ஒற்றைச் செருப்பு. உடல் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து வாவியில் முதலைகள் கிடப்பது ஊருக்கே தெரியும் என்பதால் எவரும் அதிகம் தேடவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் உதயரூபன் குடையைப் பிடித்தபடி படியிலேயே நின்றார். நேர்மையான மனிதர் என்று பெயர் எடுத்தவர். தூக்கமில்லாதவர் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த வழக்கு இதே வளவில் வைத்துத் தீர்ந்துவிட்டது என்றார் அவர்.

உன்னிச்சைப் பக்கம் இந்தக் கெப்புக்குக் ‘குளறி’ என்று பெயர். ஓட்டோ கியர் வண்டி. ஆனால் ஒரு கியரிலிருந்து அடுத்ததுக்கு மாற மனமில்லாமல், இஞ்சின் தொண்டை கிழிய அலறிக் குளறியபடி அரைவாசி ரோட்டைக் கடக்கும். வயல்வட்டையில் களை பிடுங்குகிறவர்கள் நிமிராமலே, முதலாளி வருகிறார் என்பார்கள். ரதீஸ் ஓட்டினால் மட்டும் அது குளறாது. நல்லரத்தினம் காணாமல் போன அன்று மாலை வவுணதீவு வளைவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் புஸ்பம், கெப் தன் கடையைத் தாண்டி வாவிப்பக்கம் போனதைக் கண்டிருக்கிறாள். மழை இருட்டில் முகம் தெரியவில்லை. ரதீஸின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. சத்தமே இல்லாமல் பூனை மாதிரிப் போனது என்று சொல்லியிருக்கிறாள்.

“நான் இந்த வளவிலயே ஓட்டிப் பார்த்தன். குளறிச்சு,” என்றார் உதயரூபன். “என்ர சார்ஜன்ட் ஓட்டினான். குளறிச்சு. ரதீசக் கொண்டுவந்து ஓட்டச் சொன்னன். ஒரு சத்தமில்ல. சிரிச்சிக்கிட்டு இறங்கினான் அந்தப் பொடியன், கெட்டித்தனம் காட்டின மாதிரி.”

தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே முறுக்கிக் கொடுத்துவிட்டு ஒருவன் சிரித்துக்கொண்டு இறங்கியிருக்கிறான்.

கொலைக்கு நோக்கமும் பொலிஸிடம் தயாராக இருந்தது. போன வருஷம் உன்னிச்சைக் குளக்கட்டில் வயல் காவல்காரர் ஒருவர் நசுங்கிச் செத்துக் கிடந்தார். யானை அடித்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள். அது யானை இல்லை, முதலாளி குடிவெறியில் ஓட்டிய கெப் என்றும், பக்கத்து ஆசனத்தில் தான் இருந்ததாகவும் ரதீஸ் அண்மையில் பிரஷாந்தியிடம் சொன்னான். நீதவானிடம் போய்ச் சொல்லப் போவதாக முதலாளியிடமும் சொல்லிவிட்டான். ஆலை வாசலில் இருவரும் சண்டை பிடித்ததை ஊரே பார்த்தது. அந்தச் சண்டை முற்றிக் கொலையில் முடிந்தது என்பது பொலிஸின் கணக்கு. சம்பவத்தன்று காலையில் முதலாளியே கெப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார், என் தொப்பியும் அதற்குள்தான் கிடந்தது, நான் ஆலை அறையில் படுத்திருந்தேன் என்று ரதீஸ் சொன்னதற்குச் சாட்சி எவரும் இல்லை.

ஹில்மி ஏறி இஞ்சினை எழுப்பி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வளவை ஒரு சுற்றுச் சுற்றினான். கெப் குளறியது. மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின. இறங்கி முன்மூடியைத் திறந்தபோது அவனுக்கு நோய் பிடிபட்டுவிட்டது. இஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு இறங்கும் ஒரு சின்ன றப்பர் குழாய், வளைவில் வெடித்துப் பிளந்து கிடந்தது.

“இஞ்சின் மூச்ச உள்ளுக்க இழுக்குதுதானே மிஸ், அந்த இழுவை இதுக்குள்ளால கியர் பெட்டிக்குப் போகும். இழுவை நல்லா இருந்தா, கால் மெதுவாத்தான் மிதிக்குது எண்டு விளங்கிக்கிட்டு மேல் கியருக்கு மாறும். குழாய் வெடிச்சா இழுவை போய்ச் சேராது. மனுசன் ஏத்தத்தில முக்கிக்கிட்டு ஏறுறான் எண்டு நினைச்சி, மாறாம நிக்கும். ரதீஸ் என்ன செய்திரிப்பான் எண்டா, கொஞ்சம் மிதிச்சிட்டு ஒருக்கா காலத் தூக்குவான். அந்த நேரம் இழுவை கூடும், கியர் மாறிடும். ஒரு முழம் றப்பர் வாங்கிப் போட்டா ஆரும் ஓட்டலாம். முதலாளிமாருக்கு அதுக்கு மட்டும் மனசு வராது.”

தக்ஷாயினி டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மழை அவர் பின்கழுத்தில் வழிந்தது. பிறகு, அமைதியாகக் கேட்டார்.

“குழாய் எவ்வளவு பழசு?”

“வண்டி பிறந்த நாள்ல இருந்து இதாத்தான் இருக்கும்.”

“அப்ப கிளிப் ஏன் மினுங்குது?”

ஹில்மி பார்த்தான். குழாயின் நுனியை இறுக்கிப் பிடித்திருந்த கிளிப் புத்தம் புதிதாக இருந்தது. திருகாணியின் தலையில் ஒரு பச்சைப் பெயின்ற் பொட்டு. வண்டியின் அடியில் புகுந்து, கியர் பெட்டிப் பக்க நுனியையும் பார்த்தான். அங்கும் புதுக் கிளிப். அங்கும் பச்சைப் பொட்டு. வெடித்த குழாயைக் கழற்றிப் புதுக் கிளிப் போட்ட ஒருவன், அந்த வெடித்த குழாயையே திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

இப்படியொரு மடத்தனத்தைச் செய்யும் மெக்கானிக் பூமியில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், தக்ஷாயினியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். அது மடத்தனம் இல்லை என்று அந்த முகம் சொன்னது.

உதயரூபன் மட்டும் அசையவில்லை. ஒரு கிளிப்பைக் காட்டிக் கொலைகாரனை வெளியே விடச் சொன்னால் நீதவான் தன்னைத்தான் உள்ளே போடுவார் என்றார். தக்ஷாயினி வாதாடவில்லை. தொலைபேசியை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார்.

ஏறாவூரில் சரீப் என்பவருக்கு வாகன உதிரிப்பாகக் கடை. மாவட்டத்தில் உள்ள எல்லாக் கராஜுக்கும் சாமான் கொடுப்பவர். ஹில்மி தொலைபேசியில் எடுத்திருந்த படத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்த உடனேயே அவர் சொல்லிவிட்டார். ஓட்டமாவடி ஸாஹிர். தான் இறுக்கிய ஆணிக்கெல்லாம் பச்சைப் பொட்டு வைக்கும் பழக்கம் அவனுக்குத்தான். பிறகு வேறு எவனும் கைவைத்துப் பழுதாக்கிவிட்டுத் தன்மேல் பழிபோடக் கூடாது என்பதற்காக.

வடக்கே போகப் போக மழை தடித்தது. ஹில்மி தன் சந்தேகத்தைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். நல்லரத்தினத்தின் மச்சினன் நிலோஜன்தான் இப்போது ஆலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் கெப்பைச் சத்தமில்லாமல் திருத்தி எடுத்து, ரதீஸின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறான். வேலை முடிந்ததும் பழைய குழாயை மாட்டியிருக்கிறான். பொலிஸ் ஓட்டிப் பார்க்கும்போது கெப் குளற வேண்டும். அப்போதுதான் ரதீஸைத் தவிர வேறு எவராலும் அமைதியாக ஓட்ட முடியாது என்று ஆகும்.

“எல்லாம் சரி,” என்றார் தக்ஷாயினி. “ஆள மட்டும் இப்ப தீர்மானிக்க வேணாம்.”

“மச்சினன்மார நம்பேலாது மிஸ். எனக்கு மூணு பேர் இருக்காங்க.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீதியின் இரு பக்கமும் வெள்ளம். அதற்கு நடுவே ஒரு மாடு, போகவும் வழியில்லாமல் வரவும் வழியில்லாமல் நின்றது.

ஸாஹிரின் கராஜ் ஓட்டமாவடிப் பிரதான வீதியிலிருந்து கிறுகி உள்ளே போகும் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. தகரக் கூரை, இரட்டைத் தகரக் கதவு, ஒயில் ஊறிக் கறுத்த தரை. ஸாஹிர் கனத்த உடம்புக்காரர். பேசும்போதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக் கெப் நன்றாக ஞாபகம் இருந்தது. குழாய் வெடித்திருந்தது, புதுக் குழாய் வெட்டிப் போட்டேன், பழைய கிளிப் இரண்டும் கழற்றும்போதே உடைந்து போனதால் புதிது போட்டேன், ஓட்டிப் பார்த்தேன், பட்டுப் போல மாறியது என்றார். நாள் எதுவென்று தக்ஷாயினி கேட்டார். அவர் சொன்ன நாள், கெப் வாவிக்கரைக்குப் போன அதே நாளின் காலை.

“ஒண்டு மட்டும் புதினமா இருந்தது,” என்றார் ஸாஹிர். “பழைய குழாயக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாரு. வெடிச்ச றப்பர ஆரும் கேக்கிறதில்ல. நான் கழட்டுறதயும் பூட்டுறதயும் குனிஞ்சி நிண்டு பார்த்தாரு, படிக்கிற புள்ள மாதிரி.”

பெயர் செல்வம் என்று சொன்னாராம். கொலைச் செய்தி ஸாஹிரின் காதுக்கும் எட்டியிருந்தது. ஆனால் பத்திரிகையில் வந்தது ரதீஸின் படம் மட்டும்தான். அந்த முகத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை.

தக்ஷாயினி கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். பிரஷாந்தியின் கல்யாணப் படம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஆலைக்காரர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். ஸாஹிரின் ஒயில் படிந்த விரல் ரதீஸைத் தாண்டியது. நிலோஜனையும் தாண்டியது. நடுவில், பட்டு வேட்டியும் தடித்த மீசையுமாக நின்றவரின் நெஞ்சில் போய் நின்றது.

“இவருதான்.”

“ஸாஹிர் காக்கா, வடிவாப் பாருங்க,” என்றான் ஹில்மி. “அது செத்தவர்.”

“செத்தவரா?” ஸாஹிர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நேத்தும் போன் எடுத்தாரே.”

எதற்கு என்று தக்ஷாயினி கேட்டார். கெப்பைப் பற்றி எவராவது விசாரித்து வந்தார்களா என்று நல்லரத்தினம் கேட்டாராம். நேற்று மட்டும் இல்லை. இரண்டொரு நாளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வண்டியை விற்கப் போகிறார், வாங்க வருகிறவர் விசாரிப்பார் என்று ஸாஹிர் நினைத்திருந்தார்.

தக்ஷாயினி அங்கிருந்த ரயர் ஒன்றின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். ஆசனத்தில் கிடந்த இரத்தம் கொலை செய்யப்பட்டவனுடையது அல்ல. தன் கையைத் தானே கீறிக்கொண்ட ஒருவனுடையது. நீதவானுக்கு முன்னால் ரதீஸ் வாய் திறந்திருந்தால் நல்லரத்தினம் சிறைக்குப் போயிருப்பார். இப்போது அவர் செத்தவர். செத்தவரை எந்த நீதிமன்றமும் கூப்பிடாது. உண்மை சொல்ல வேண்டியவனோ கொலைகாரன். அவன் சொல்வதை எவரும் கேட்கமாட்டார்கள். இதை எல்லாம் அவர் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தபோது ஸாஹிர் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

தக்ஷாயினி உதயரூபனை அழைத்தார். காரணம் கேட்காமல் சிவில் உடையில், இரண்டு பொலிஸ்காரர்களோடு ஓட்டமாவடிக்கு வரச் சொன்னார். குரலில் என்ன இருந்ததோ, அவர் காரணம் கேட்கவில்லை. வந்து சேரும்போது பின்னேரமாகியிருந்தது. பொலிஸ்காரர்கள் இருவரையும் உதயரூபன், விசில் கேட்டால் மட்டும் வரச் சொல்லி, எதிரே இருந்த ரயர் கடைக்குள் இருத்தினார். தங்கள் காரை ஹில்மி கராஜுக்குள் ஏற்றி, பின்பக்கம் வாசலைப் பார்க்க மறைவாக நிறுத்தினான்.

என்ன பேச வேண்டும் என்று தக்ஷாயினி ஸாஹிருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஸாஹிர் தொலைபேசியைச் சத்தமாக வைத்து மேசையில் கிடத்தினார். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு காற்றின் இரைச்சல், அலையின் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

“ஓம், சொல்லுங்க.”

உதயரூபன் கண்ணை மூடிக்கொண்டார். ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர் அவர். அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

ஸாஹிர் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். கெப்புக்குப் போட்ட குழாய் பழுதான சரக்கு, வெட்டிப் போட்ட எல்லா வண்டியிலும் வெடிக்கிறது, கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்றார்.

“அது தேவையில்ல,” என்றது குரல். “அத நான் அண்டைக்கே கழட்டி எறிஞ்சிட்டன்.”

உதயரூபன் கண்ணைத் திறந்தார். தக்ஷாயினி அவரைப் பார்க்கவில்லை. ஸாஹிரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“இன்னொண்டு செல்வம்,” என்றார் ஸாஹிர். “ஒரு ஆள் வந்து கெப்பப் பத்திக் கேட்டவரு. நாளைக்கி பொலிசோட வாறன் எண்டு சொல்லிட்டுப் போறாரு.”

அலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. துண்டித்துவிட்டாரோ என்று ஹில்மி எட்டிப் பார்த்தான்.

“கராஜில இப்ப ஆர் இரிக்கிற?”

“நான் மட்டுந்தான்.”

“பூட்டிப் போடாதீங்க. வாறன். உங்களோட கதைக்க வேணும்.”

காத்திருக்கத் தொடங்கினார்கள். கதைத்து ஸாஹிரின் வாயை அடைக்கத்தான் வருகிறார் என்று உதயரூபன் நம்பினார். உள்ளே வந்து நாலு வார்த்தை பேசட்டும், பிறகு பிடிப்போம் என்றார். தக்ஷாயினி காரின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஹில்மி தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டு ஓய்ந்தது. கராஜுக்குள் ஒரு சின்ன மின்குமிழ் மட்டும் எரிந்தது. ஸாஹிர் அதன் கீழே ஏதோ ஒரு கார்பறேற்றரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மற்ற மூவரும் வாகனங்களின் நிழலில் நின்றார்கள்.

மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. இஞ்சின் நின்றது. சேற்றில் காலடி வைக்கும் சத்தம் தகரக் கதவுவரை வந்து நின்றது.

“ஸாஹிர்?”

“உள்ள வாங்க.”

எவரும் உள்ளே வரவில்லை. திறந்திருந்த தகரக் கதவு ஒன்று மெல்ல அசைந்து மூடிக்கொண்டது. பிறகு மற்றது. சங்கிலி ஒன்று கைப்பிடிகளுக்குள் இழுபடும் சத்தம் கேட்டது, அவசரமில்லாமல், கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவன் இழுப்பதைப் போல. ஹில்மிக்கு முதலில் விளங்கவில்லை. கதவின் அடியால் மழைத்தண்ணீர் உள்ளே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் மேலே, மின்குமிழ் வெளிச்சத்தில், வானவில் நிறத்தில் ஏதோ படர்ந்து வந்தது. அதற்குப் பிறகுதான் மணம் மூக்கில் ஏறியது.

பெற்றோல்.

உதயரூபன் விசில் ஊதினார். மழையில் அது ரயர் கடைவரை போனதோ இல்லையோ தெரியாது. ஹில்மி எதையும் யோசிக்கவில்லை. காருக்குள் பாய்ந்தான், இஞ்சினை எழுப்பினான், பின் கியரைப் போட்டு முழுக் காலையும் அமர்த்தினான். ஒயில் தரையில் ரயர் வழுக்கிச் சுழன்றது. அந்தச் சொற்ப நேரத்தில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டதாக அவன் பிறகு சத்தியம் பண்ணுவான். அந்த இரைச்சலில் கேட்டிருக்க முடியாது என்று தக்ஷாயினி சொல்வார். ரயர் தரையைப் பிடித்தது. கார் பின்னோக்கிப் பாய்ந்து தகரக் கதவில் மோத, சங்கிலி கொளுவிய கைப்பிடிகள் மரச்சட்டத்தோடு பிய்ந்து, கதவு இரண்டும் வெளியே சரிந்தன.

கீழே, சரிந்த தகரத்துக்கும் சேற்றுக்கும் நடுவில், ஒரு மனிதன் கிடந்தான். மீசை இல்லை. இடது முழங்கைக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. பெற்றோல் கான் கவிழ்ந்து, இருந்தது எல்லாம் மழையோடு கலந்து ஒழுங்கையில் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த தீப்பெட்டியை அவன் இன்னும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். ரயர் கடையிலிருந்து ஓடிவந்த பொலிஸ்காரர்கள் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள்.

நல்லரத்தினம் முகத்துச் சேற்றைத் தோளில் துடைத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பயந்த மாதிரித் தெரியவில்லை.

“சேர், நான் உயிரோட இரிக்கிறது குற்றமா?”

“இல்ல,” என்றார் உதயரூபன். “குளக்கட்டுல செத்த மனுசனப் பத்தி மறுகா கதைப்பம். முதல்ல இந்தக் கதவுக்கு ஏன் சங்கிலி போட்டீங்க எண்டு சொல்லுங்க. உள்ளுக்க நாலு உசிர் இருந்தது.”

“நாலா?” என்றார் நல்லரத்தினம். அப்போதுதான் முதல்முறையாக அவர் முகம் மாறியது. ஒன்று என்றுதான் அவர் எண்ணியிருந்தார்.

கடலோரக் கதிரவெளியில் ஒரு மீன்வாடிக் குடிசையில் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்ததையும், கெப்பை விட்ட இடத்தில் மோட்டார் சைக்கிளை முன்கூட்டியே மறைத்து வைத்திருந்ததையும், கடல் அடங்கியதும் வள்ளமேறி நாட்டை விட்டுப் போக இருந்ததையும் அன்றே அவர் சொல்லிவிட்டார். வாடைக்காற்றில் கொந்தளித்த கடல் அடங்காமல் அவரைக் கரையிலேயே பிடித்து வைத்திருந்தது.

நல்லரத்தினத்தை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு ஹில்மி காரைச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு தொங்கியது. திறப்பைத் தக்ஷாயினியிடம் நீட்டினான்.

“நீங்க ஓட்டுங்க மிஸ். எனக்குக் கால் வேலை செய்யுதில்ல.”

அவர் வாங்கிக்கொண்டார். மழைக்குள் வந்தாறுமூலைவரை அவரே ஓட்டினார். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு சிறிய வீடு. கார் நின்றதுமே பிரஷாந்தி வாசலுக்கு வந்துவிட்டாள். தலையில் மழை விழுவதையும் கவனிக்காமல் முற்றத்தில் இறங்கி, அவர்களின் முகங்களைத் தேடினாள்.

“முதலாளி உயிரோட இரிக்கிறார் பிரஷாந்தி,” என்றார் தக்ஷாயினி. “பொலிஸ் பிடிச்சிட்டுது. ரதீஸ் வந்திடுவார்.”

அவள் அழுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள் என்று ஹில்மி எதிர்பார்த்தான். அவள் அப்படியே ஈரமண்ணில் குந்திவிட்டாள். தக்ஷாயினி பக்கத்தில் குனிந்து தோளில் கை வைத்தார்.

“புஸ்பமக்கா சொன்னதக் கேட்ட அண்டைக்கு,” என்றாள் பிரஷாந்தி, தலை நிமிராமலே, “அந்தக் கெப்ப அவரத் தவிர ஒருத்தரும் அப்பிடி ஓட்டமாட்டாங்க எண்டு எனக்குத் தெரியும் மிஸ். அந்த ஒரு ராத்திரி நானும் நினைச்சன், அவர்தான் செய்தவர் எண்டு.”

மழை அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

“அத மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதீங்க.”

தக்ஷாயினி சொல்லமாட்டேன் என்றார். ஹில்மியும் சொல்லமாட்டேன் என்றான்.